ஆளுக்குப் பதிமூன்று இஞ்ச்

நவம்பர் 27, வியாழன்

சாப்பாட்டு மேசை வந்துவிட்டது. அப்பாவின் பம்ப்செட் கடைப் பையன்கள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஹாலில் எப்படித் திருப்பினாலும் எதிலாவது இடித்தது. கடைசியில் ஒரு முனை சுவரோடு ஒட்டிக்கொண்டது. மறு முனையில் நாற்காலி போட்டால் ஃப்ரிட்ஜ் கதவு திறக்காது. ஆக, இந்தப் பக்கம் மூன்று நாற்காலி, அந்தப் பக்கம் மூன்று.

நாங்கள் வீட்டில் மூன்று பேர். பண்டிகைக்கு லூர்து அத்தையும் மாமாவும் வருவார்கள். ஐந்து. ஆறாவது நாற்காலியில் இப்போதே அயர்ன் பண்ண வேண்டிய துணி ஏறிவிட்டது.

அம்மா மேசையைப் பார்த்த உடனே, "சூடு பட்டா வட்டம் வட்டமா வெளுத்துரும்" என்று ஒரு பழைய சேலையை விரித்தாள். மேசையைப் பார்க்க வந்திருந்த அத்தைக்கு அது பிடிக்கவில்லை. "பெங்களூர்ல எங்க பக்கத்து வீட்டுப் பையன் வீட்டுல பாத்தேன், அண்ணி. ஆளாளுக்குத் தட்டுக்கு அடியில ஒரு குட்டி மெத்தை. மேட்டுன்னு சொல்றாங்க. அது போடணும்."

"செசி தைக்கட்டும். சும்மாத்தான இருக்கா" என்றார் அப்பா.

நான் சும்மா இல்லை. இந்த வாரம் தெருக்கோடி வீட்டுக்கு இரண்டு ஜாக்கெட் தைத்து முடித்தேன், ஒரு பாவாடைக்கு நாடா மாற்றினேன். அதை வாயால் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

நவம்பர் 28

தைக்கப் போகிறேன். ஆனால் சூட்டுக்குப் பயந்து இல்லை. கிறிஸ்மஸ் பரிசாக. ஆளுக்கு ஒன்று, பெயர் போட்டு.

மேல்துணிக்கு மாமா கரூரிலிருந்து எடைக்கு வாங்கி வந்த கட் பீஸ் மூட்டை இருக்கிறது. கோடு போட்டது, கட்டம் போட்டது, பூப் போட்டது எல்லாம் உண்டு. உள்ளே வைக்கத்தான் தடியாக ஏதாவது வேண்டும். பரணில் பச்சைப் போர்வை இருக்கிறது. இரண்டு பேர் போர்த்துகிற அகலம். எனக்கு இப்போது அவ்வளவு அகலம் தேவையில்லை.

நவம்பர் 30, ஞாயிறு

திருவருகைக் காலம் தொடங்கிவிட்டது. முதல் பூசைக்குப் போனோம். பீடத்தில் ஊதா மெழுகுதிரி ஒன்று ஏற்றினார்கள்.

முன்பெல்லாம் நாங்கள் இரண்டாம் பூசைக்குத்தான் போவோம். இரண்டு வருடமாக முதல் பூசை. இரண்டாம் பூசையில் கீபோர்டு வாசிக்கிறவர் அலோசியஸ் அத்தான். அவர் வாசித்தால் அப்பாவுக்குப் பாட்டு வராது. அதற்கு முன்னால் நான்கு வருடம் அதே அத்தான் வாசித்ததற்குத்தான் அப்பா கண்ணை மூடிக்கொண்டு பாடினார். அப்போது அவர் அத்தான் ஆகவில்லை.

நாங்கள் மேலத் தெரு. அவர்கள் கீழத் தெரு. கோவில் ஒன்று, ஞானஸ்நானத் தொட்டி ஒன்று, நற்கருணை ஒன்று. கல்லறைத் தோட்டத்தில் மட்டும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. பவுலின் அக்கா அந்தச் சுவரைத் தாண்டிக் கல்யாணம் பண்ணிக்கொண்டாள்.

அன்றைக்கு அப்பா இரண்டு விஷயம் சொன்னார். அவள் பெயர் இந்த வீட்டில் கேட்கக் கூடாது. அப்புறம், "சின்னவ படிச்சது போதும்." நான் பதினொன்றாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சை எழுதியிருந்தேன். பேப்பர் திருத்திக் கொடுத்தார்களா என்று தெரியாது.

அதனால் எனக்கு ஒன்றுமில்லை. காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்போது நான் மெஷினை வேகமாக மிதிப்பேன். சத்தம் கேட்காது.

டிசம்பர் 2

முதல் மேட் தோல்வி. இரண்டு துணியின் நல்ல பக்கத்தையும் உள்ளே வைத்து, மேலே போர்வைத் துண்டை வைத்துத் தைத்து, கை போகிற அளவுக்கு ஒரு இடம் தைக்காமல் விட வேண்டும். அந்த வழியாகத்தான் திருப்பி வெளியே எடுக்க முடியும். பாதியில் அப்பா வந்தார். பச்சைப் போர்வையை உற்றுப் பார்த்த மாதிரி இருந்தது. பயத்தில் நாலு பக்கத்தையும் தைத்து மூடிவிட்டேன்.

"இது என்னடி, கண்ணு வாய் இல்லாத தலகாணி?" என்றாள் அம்மா.

பிரித்தேன். அப்பா போர்வையைப் பார்க்கவில்லை. கடைச் சாவியைத்தான் தேடினார்.

டிசம்பர் 5

பெயர்களைச் சங்கிலித் தையலில் போடுகிறேன். மாமா பெயர் ராயப்பன், சுலபம். அம்மா பெயர் அமலோற்பவம். ஒரு மதியம் முழுக்கப் போயிற்று.

"அமலோன்னு மட்டும் போட்டுட்டு எந்திரிடி. எனக்கெதுக்கு மேட்டு? நான் எங்க உக்காரப் போறேன், பரிமாறத்தான போறேன்."

"முழுசாத்தான் போடுவேன். நீ உக்காருவ."

அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் அவ்வளவு நீளமாகப் பேசி நாளாகிவிட்டது போல.

அப்பா தன் பெயரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "சவரிநாதன்... ம். நல்லாருக்கு." கையால் அமுக்கிப் பார்த்தார். "மெத்துன்னு இருக்கே. உள்ள என்ன வச்சிருக்க?"

"பழைய போர்வைப்பா."

"பழசு பழசுதான். கெட்டி" என்றார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து அத்தை வந்து எண்ணிப் பார்த்தாள். "அஞ்சு பேருக்கு எதுக்குடி ஆறு?"

"செட்டுன்னா ஆறுதான் அத்தை."

ஆறாவது மேட்டில் இன்னும் பெயர் போடவில்லை. பென்சிலில் எழுதி மட்டும் வைத்திருக்கிறேன். துணி மடிப்புக்குள் இருக்கிறது. மூன்றே எழுத்துதான் என்று நினைத்தேன், நான்கு.

அத்தை விடவில்லை. "எல்லாஞ் சரி, கிறிஸ்மஸ் அன்னிக்கு நாம இலையிலதான திங்கிறோம்? இலைக்கு அடியில மெத்தையா? ஏன், பிரியாணிக்குக் குளிருமா?" என்று சொல்லி அவளே சிரித்தாள். மாமாவும் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 10

சிவப்பு நூல் தீர்ந்துவிட்டது. தெரு முனைக் கடையிலேயே கிடைக்கும். அம்மா, "அங்க சாயம் போகும். பஸ் ஸ்டாண்டுகிட்ட ஸ்டுடியோ இருக்குல்ல, அதுக்கு எதுத்த கடையில வாங்கு" என்றாள். வழியில் பசித்தால் சாப்பிட ஒரு தூக்குவாளி நிறைய அச்சு முறுக்கும் கொடுத்தாள். எனக்கு அவ்வளவு பசிக்காது என்று சொன்னேன். "எடுத்துட்டுப் போ" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஸ்டுடியோவில் அக்கா வேலை பார்ப்பது அம்மாவுக்குத் தெரியாது. தெரிந்தால் என்னை அந்தப் பக்கமே அனுப்பமாட்டாள்.

அக்கா யாரோ ஒரு குழந்தையின் போட்டோவில் முகத்தை வெளுப்பாக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தலையில் கொட்டினாள். பிறகு கட்டிக்கொண்டாள். தூக்கைத் திறந்து, "எள்ளு கம்மியா போட்டிருக்காங்களே, அம்மாவுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு" என்றாள். தற்செயலாக இருக்கும்.

மேட்டை எடுத்துக் காட்டினேன். பவுலின் என்று நேற்றுத்தான் தைத்து முடித்தேன். அவள் விரலால் எழுத்தைத் தடவினாள். ஓரத்தில் பிசிறாக ஒரு பச்சை நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நம்ம போர்வையா? நீ ராத்திரி பூரா இழுத்துக்குவியே, அதுவா?"

"நீதான் இழுப்ப."

"கிறிஸ்மஸுக்கு மேசையில இதப் போடப் போறியா?"

தலையாட்டினேன்.

"அவருக்கு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"அத்தானுக்குடி. எனக்கு மட்டும் எடம் போட்டிருக்க. அவரை வாசல்ல செருப்புகூட விட்டுட்டு வரணுமா நான்?"

கோபமாகச் சொல்லவில்லை. மேட்டை அழகாக மடித்து என் பையிலேயே வைத்தாள். நூல் வாங்க மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா நூலைப் பற்றிக் கேட்கவில்லை. தூக்கைத்தான் பார்த்தாள், காலியா என்று.

டிசம்பர் 11

மெஷினைத் தொடவில்லை.

டிசம்பர் 12

அளவு நாடாவை வைத்து மேசையை அளந்தேன். ஒரு பக்கம் ஐம்பத்து நான்கு இஞ்ச். மேட் ஒவ்வொன்றும் பதினெட்டு. மூன்று போட்டால் சரியாக முடிந்துவிடுகிறது, ஒரு விரல் நுழைய இடமில்லை. ஏழாவது எங்கே போகும்?

அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீளமா இருந்தா வெட்ட வேண்டியதுதான" என்றாள், கீரையைப் பார்த்தபடியே.

டிசம்பர் 13

சாயங்காலம் வரை யோசித்தேன். அத்தானுக்கு மட்டும் சின்னதாகத் தைத்து இடுக்கில் வைக்கலாம். ஆனால் அது சின்ன மேட். அவர் அதைப் பார்ப்பார், எல்லாரும் பார்ப்பார்கள். கல்லறைச் சுவரை நான் மேசையில் கட்டின மாதிரி ஆகும்.

அப்படி இல்லை. எல்லாவற்றையும் வெட்ட வேண்டும். ஒரு பக்கம் நாலு, ஒரு பக்கம் மூன்று. ஆளுக்குப் பதிமூன்று இஞ்ச். அப்பாவுக்கும் பதிமூன்று.

டிசம்பர் 14, ஞாயிறு

முதல் வெட்டு அப்பா மேட்டில். ஒரே நேர்கோடாக வெட்டினேன் என்று எழுத ஆசை. நடுவில் கொஞ்சம் வளைந்துவிட்டது.

டிசம்பர் 18

வெட்டின ஓரத்தில் போர்வை பிதுங்குகிறது. ஒவ்வொரு மேட்டுக்கும் இடதும் வலதும் சிவப்புப் பட்டி வைத்துத் தைக்கிறேன். அம்மா பெயர் பட்டியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. மற்ற எல்லாருக்கும் இடம் தாராளம். பிரியாணித் தட்டு வைத்துப் பார்த்தேன், உட்காருகிறது. முழங்கைதான் பக்கத்து ஆள்மேல் இடிக்கும். இடித்தால் இடிக்கட்டும். சொந்தக்காரர்கள்தானே.

டிசம்பர் 21

ஏழாவது மேட் முடிந்தது. அலோசியஸ். கருப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி, கீபோர்டு மாதிரி. போர்வையில் கடைசித் துண்டு இதற்குத்தான் போயிற்று. இனி பரணில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 24

குடில் கட்டியாயிற்று. களிமண் ஒட்டகத்துக்குப் போன வருடமே கால் உடைந்துவிட்டது. வைக்கோலில் படுக்க வைத்துவிட்டேன். நாளைக்கு மத்தியானம்.

டிசம்பர் 25, வியாழன்

வரிசையாக எழுதுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

மத்தியானம் அத்தையும் மாமாவும் வந்தார்கள். அம்மா தம் உடைத்தாள்; வீடெல்லாம் மணம். இலை வேண்டாம், தட்டு போதும் என்று அம்மாவே சொல்லிவிட்டாள். நான் துணி ஏறிக் கிடந்த நாற்காலியைக் காலி செய்தேன். தோட்டத்திலிருந்து பிளாஸ்டிக் நாற்காலியையும் கொண்டுவந்தேன். பிறகு ஏழு மேட்டையும் விரித்தேன்.

மாமா முதலில் உட்கார்ந்தார். "ராயப்பன்! அடேய், ரேஷன் கார்டுல கூட என் பேரு ஒழுங்கா இல்ல, இங்க இருக்கு" என்றார். அத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்தாள். சவரிநாதன். அமலோற்பவம். லூர்து. செசிலி. அதோடு நிறுத்திக்கொண்டாள்.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்தார். அத்தை விட்ட இடத்திலிருந்து அவரே படித்தார். வாய்விட்டுப் படிக்கவில்லை, உதடு மட்டும் அசைந்தது.

"எடு அத."

நான் பிளாஸ்டிக் நாற்காலியை நேராக வைத்தேன்.

"செசி. ஒன்னத்தான் சொல்றேன். அந்த ரெண்டையும் எடு."

வழக்கமாக இந்த இடத்தில் நான் அழுவேன். அழுகை வருகிறதா என்று நானே காத்திருந்தேன். வரவில்லை.

"அத எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும்ப்பா. எல்லாத்துக்குள்ளயும் அக்கா போர்வைதான் இருக்கு. நீங்க மெத்துன்னு இருக்குன்னு சொன்னீங்களே, அதுலயும்."

அப்பா தன் மேட்டைப் பார்த்தார். சூடு பட்டது போலக் கையை எடுத்துக்கொண்டார்.

"நான் சொன்னா இந்த வீட்ல..."

"ரெண்ட எடுக்கச் சொல்றீங்க. மூணா எடுத்துக்கிறேன்."

பவுலினை எடுத்தேன். அலோசியஸை எடுத்தேன். செசிலியையும் எடுத்தேன். அக்காவுக்கு இடமில்லாத மேசையில் எனக்கும் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அவ்வளவுக்கு வாய் வரவில்லை. மேட்டுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தேன்.

வாசலில் அம்மா நின்றாள். கையில் நாலடுக்குத் தூக்கு. நிரம்பி, மூடி, கம்பி மாட்டி, சூடாக இருந்தது.

"இத எப்ப அண்ணி கட்டுனீங்க?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்டாள்.

"காலையில" என்றாள் அம்மா.

கீழத் தெருவுக்கு நடந்தால் ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற தூரம்கூட இல்லை. இரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட நான் நடந்ததில்லை. அக்கா வீடு ஒரே அறை, மேசை இல்லை. தரையில் மூன்று மேட்டையும் போட்டோம். அத்தான் தன்னுடையதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார், பிறகு நேராகப் பார்த்தார். "இதுல உக்காரணுமா, தட்டு வைக்கணுமா?" என்று கேட்டார். அக்கா சிரித்ததில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது. தூக்கின் கடைசி அடுக்கில் எள்ளு கம்மியாகப் போட்ட அச்சு முறுக்கு இருந்தது.

அம்மாவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். நான்தான் மக்கு.

டிசம்பர் 26

அப்பா என்னோடு பேசவில்லை. மெஷின் பெல்ட்டைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போய்விட்டார். பெல்ட் இல்லாவிட்டால் மிதித்தால் ஓடாது. கையால் சக்கரத்தைச் சுற்றினால் ஓடும். கோடி வீட்டு ஜாக்கெட்டுக்குக் கையால் சுற்றியே கை வைத்தேன். கொஞ்சம் கோணல். பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன்.

காலையில் பள்ளிக்கூடத்துக்கு லீவு. இருந்தாலும் அந்த நேரத்துக்குக் கை தானாக வேகமாகச் சுற்றியது.

டிசம்பர் 28, ஞாயிறு

"நான் ரெண்டாம் பூசைக்குப் போறேன்" என்றாள் அம்மா. அப்பா தனியாக முதல் பூசைக்குப் போனார்.

கோவிலிலிருந்து வரும் வழியில் அம்மா கடைக்குப் போய் பெல்ட்டைக் கேட்டு வாங்கி வந்தாள். அப்பா கல்லாவில் இருந்தாராம். "அது எங்கப்பா எனக்குச் சீராக் குடுத்த மெஷின். உங்க பம்ப்செட்டுக்கா அந்த பெல்ட்டு?" என்று கேட்டாளாம். கடையில் ஆட்கள் இருந்தார்களாம். சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் குடித்தாள். டம்ளர் பல்லில் இடித்தது.

டிசம்பர் 31

அம்மா போனை எடுத்தாள். என்னிடம் கொடுக்கவில்லை, அவளே பேசினாள். "நாளைக்கு மத்தியானம் ரெண்டு பேரும் வந்துருங்க. அவருகிட்ட சொல்லு, கூச்சப்பட வேண்டாம்னு. மேட்டை மறக்காம எடுத்துட்டு வா."

ஹாலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரளவே இல்லை.

ஜனவரி 1

வந்தார்கள். அத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். அக்கா அவர் சட்டைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். மாமாவோடு முன்பே வந்திருந்த அத்தை என்ன சொல்வாளோ என்று இருந்தது. அவள் அத்தானை மேலும் கீழும் பார்த்தாள். "கீபோர்டு வாசிக்கிற பையன்தான? சிலுவைப் பாதையில ரொம்ப இழுக்கிறீங்க, எங்களுக்கு மூச்சு நிக்குது" என்றாள்.

ஏழு மேட்டையும் மறுபடி விரித்தேன். நாலு பேர் உட்காரும் பக்கத்தில் அத்தையின் நாற்காலி இடித்தது. மாமா, "தள்ளி உக்காரு லூர்து. ஆளுக்குக் கொஞ்சம் ஒடுங்குனா என்ன, பிரியாணி ஆறுது" என்றார். அத்தை முணுமுணுத்துக்கொண்டே தள்ளினாள்.

அம்மா எல்லாருக்கும் ஒரே நடையாகப் பரிமாறினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமலோற்பவத்தில் உட்கார்ந்தாள். மேசையில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. முதல் வாய்க்குப் பிறகு, "உப்பு பத்தல" என்றாள். யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

அப்பா எல்லாவற்றையும் நின்றபடி பார்த்தார். அத்தான் எழுந்திருக்கப் போனார். நான் அவருக்குக் கேட்கும்படி, "உக்காருங்க அத்தான், உங்க பேரு போட்டிருக்கு" என்றேன். எல்லாருக்கும் கேட்டது. அப்பா தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டார். சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மேசையில் ஒரு இடம் காலியாக இருந்தது. இந்தத் தடவை அக்காவுடையது இல்லை.

சாப்பிட்டு முடித்ததும் தட்டுகளை எடுத்தேன். அத்தை, "அண்ணன் மேட்டு சும்மாத்தான் கெடக்கு, அதையும் மடிச்சு வையேன்" என்றாள்.

"இருக்கட்டும் அத்தை."

ஆறு மேட்டை மடித்து அலமாரியில் வைத்தேன். சவரிநாதனை மடிக்கவில்லை. சுவர் ஓரமாக, நாற்காலிக்கு நேராக, அப்படியே விரித்துக் கிடக்கிறது. யாருடைய இடத்தையும் நான் எடுக்கமாட்டேன். அவர் வரும்போது வரட்டும். ஆனால் அதுவும் பதிமூன்று இஞ்ச்தான்.